வாயில்லா அம்மை

போதஷ்தர்த்தும் மகோனும் ஊரை ஆளும் நடுவர்களாக இருந்த ஆண்டில், ஹியார் மாதம் பதினேழாம் நாள் காலையில், சுல்கி ஊர்ச் சபை ஒரு தீர்மானம் செய்தது. ஊருக்கு வடக்கே பாறை மேட்டின் மேல், இறந்த சிசுக்களின் சாம்பல் கலயங்களைப் புதைக்கும் கலயக்காட்டில், மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் வாயில்லா அம்மையின் கல்லுக்கு ஒரு மாடம் எழுப்ப வேண்டும். அஸ்திவாரம் முடிந்ததும் கல்லின் அடியில் இருக்கும் கலயத்தை மரியாதையுடன் வெளியே எடுக்க வேண்டும். தலைமைப் பூசாரி கெர்சக்கூன் அதை ஊரார் முன்னிலையில் திறந்து, எண்ணெய் வார்த்து, புதிய மாடத்துக்குள் வைக்க வேண்டும். காய்ச்சல் ஊருக்குள் நுழைந்து அது மூன்றாவது கோடை. துறைமுக வாயிலில் சங்கிலி போட்டிருந்தார்கள். கப்பல் எதுவும் வரவுமில்லை, போகவுமில்லை. ஊர்த் தெய்வமான தானித் அம்மைக்கு ஏதோ மனக்குறை இருக்கிறது என்று சபையில் எல்லோரும் நம்பினார்கள். மறுப்பு எதுவும் எழவில்லை.

அந்தக் கல்லின் அடியில் கலயமே இல்லை என்பதை அறிந்தவர்கள் ஊரில் இருவர். ஒருத்தி அக்போரத், உப்புக் களத்தில் சூரை மீன் அறுக்கும் விதவை. மற்றவன் அவளுடைய கொழுந்தன் போத்மில்க், கல் தச்சன்.

சேதியை அக்போரத்துக்குக் கொண்டுவந்தவள் போத்மில்க்கின் மனைவி அரிஷத். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழித்து வயிறு வாய்த்தவள், ஆறாம் மாதம். ஆனாலும் களத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. வேலைக்காக அல்ல, பேசுவதற்காக.

"கேட்டியா அக்கா? நம்ம வாயில்லாதவளுக்கு வீடு கட்டப் போறாங்களாம். உன் கொழுந்தனுக்குத்தான் வேலை. எனக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டுன்னு கல்யாணமான நாள்லேருந்து கத்துறேன், அசையலை. நானும் வாயை மூடிக்கிட்டு நின்னுருந்தா கட்டியிருப்பாரோ என்னவோ."

களத்துப் பெண்கள் சிரித்தார்கள். அக்போரத் மீனின் வயிற்றைக் கீறிக் குடலை வழித்துத் தொட்டியில் போட்டாள்.

"அடியில இருக்கற கலயத்தையும் எடுத்து எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கப் போறாங்க," என்றாள் அரிஷத். "யார் பெத்த புள்ளையோ, குடுத்து வச்சது. நான் அந்தக் கல்லுக்கு முன்னாடி அழுத அழுகைக்குத்தானே இது தங்குச்சு." வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். "அக்கா, என்ன பண்றே? அந்த மீனுக்கு உப்பு போட்டாச்சு. மறுபடியும் அதையே தேய்க்கிறியே."

அக்போரத் கையை எடுத்தாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பல் முளைக்குமுன் இறக்கும் குழந்தை அம்மைக்குரியது. அதை எரித்து, சாம்பலையும் எலும்பையும் கலயத்தில் இட்டு, கலயக்காட்டில் புதைத்து, மேலே அம்மையின் உருவம் செதுக்கிய கல்லை நடுவார்கள். திருவிழாவின் முந்திய நாள் காடு அடைக்கப்பட்டால் அடுத்த அமாவாசைக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் இறக்கும் குழந்தைக்கு அங்கே இடமில்லை. கடலில்தான் விட வேண்டும், அம்மையிடம் அது போய்ச் சேராது. ஆனால் காடு அடைபடுமுன் கல் நடப்பட்டிருந்தால், அந்தக் கலயத்துக்கு மட்டும் கதவு திறப்பார்கள். ஆகவே, பிழைக்காது என்று தோன்றும் குழந்தைக்கு முந்திக்கொண்டு கல் நடுவதை அந்த ஊரில் யாரும் குறையாக நினைப்பதில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அக்போரத்தின் கணவன் யத்தோன்பாலும் அதைத்தான் செய்தான். மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு நீலம் பாய்ந்து கிடந்தது. காடு அடைக்க ஒரு பொழுதே இருந்தது. அவன் தம்பியின் பட்டறைக்கு ஓடினான். காய்ச்சல் இல்லாத அந்தக் காலத்திலும் திருவிழாவுக்கு முன் கல்லுக்குக் கிராக்கி உண்டு. ஒரே ஒரு கல்தான் மீந்திருந்தது. வாசல் நிலை போன்ற சட்டம், அதன் மேல் சூரிய வட்டம், நடுவே வட்டத்தட்டை மார்போடு அணைத்து நிற்கும் அம்மை. கண் செதுக்கியாயிற்று, மூக்கு செதுக்கியாயிற்று. மூக்குக்குக் கீழே கல் வழவழவென்று வெறுமையாக இருந்தது. "நாளைக்கு முடிச்சுத் தர்றேண்ணா," என்றான் போத்மில்க். "நாளைக்குக் கதவு சாத்திருவாங்கடா," என்று சொல்லிக் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான் அண்ணன்.

கடைசி நேர நெரிசலில் யாரும் கவனிக்காமல் அவன் கல்லை நட்டுவிட்டுத் திரும்பியபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

நட்ட கல்லைப் பிடுங்கக் கூடாது. அதற்கும் வழி உண்டு. ஓர் ஆட்டுக்குட்டியைப் பூசாரியிடம் கொண்டுபோய், குழந்தை பிழைத்ததை வெளிப்படையாகச் சொன்னால், அவர் 'உயிருக்கு உயிர்' என்ற சொல்லை உரக்கச் சொல்லிக் குட்டியைக் கலயத்தில் இட்டுவிடுவார். விஷயம் அத்தோடு முடியும். யத்தோன்பால் போகவில்லை. "இப்பவே போய்ப் புள்ள பொழைச்சுருச்சுன்னு சொன்னா அம்மைக்கு ஞாபகம் வந்துரும். கொஞ்சம் தேறட்டும். ஒரு பல்லு முளைக்கட்டும்," என்று தள்ளிப் போட்டான். பல் முளைக்குமுன் சூரை மீன் பருவம் வந்தது. வலையோடு கடலுக்குள் போனவனின் உடம்பு கரைக்குத் திரும்பவில்லை. அம்மை தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டாள் என்று அக்போரத் எண்ணினாள். அவ்வாறு எண்ணாமல் அவளால் மகள் முகத்தைப் பார்க்க முடிந்திருக்காது.

குழந்தைக்கு ஷிபோலத் என்று பெயர் வைத்தாள்.

அந்தக் கல்லை ஊர் கண்டுபிடித்தது தனிக் கதை. கணவனிடம் உதை வாங்கிய ஒருத்தி, வாயில்லாத அம்மை எதையும் வெளியே சொல்லமாட்டாள் என்று தன் குறையை அதனிடம் சொல்லி அழுதாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு பெண்கள் வரிசையாக வந்தார்கள். நூற்றுக்கணக்கான கற்களிலும் அம்மைக்கு ஒரே முகம். ஒரே மாதிரி மூடிய உதடு. இவளுக்கு மட்டும் அந்த உதடும் இல்லை. அவள் காதில் சொன்னது வெளியே வராது என்றார்கள். எண்ணெய் வார்த்து வார்த்து அந்த முகம் கறுத்துப் பளபளத்தது. ஒரு தச்சனின் அரைகுறை வேலை அம்மையின் குணமாகிவிட்டது. அக்போரத்தும் எண்ணெய் கொண்டுபோவாள். மற்றவர்கள் கல்லிடம் தங்கள் ரகசியத்தைச் சொன்னார்கள். அவள் கல்லுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னாள்.

ஷிபோலத்தும் கூட வருவாள். ஒருநாள் கல்லை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, வாய் இல்லேன்னா இவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

"அவங்களுக்குப் பசிக்காது."

"பசிச்சா?"

அக்போரத் கல்லின் தலையில் எண்ணெயை வார்த்தாள்.

தீர்மானம் செய்யப்பட்ட அன்று பிற்பகல் அவள் மகளை இழுத்துக்கொண்டு போத்மில்க்கின் பட்டறைக்குப் போனாள். அவன் மாடத்துக்கு வேண்டிய தூண் கல்லை அளந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தான்.

"வருவீங்கன்னு தெரியும், அண்ணி."

"பூசாரிகிட்டப் போய் உண்மையைச் சொல்லிரலாம்னு இருக்கேன், தம்பி. இப்பவாவது சொல்லி, ஒரு குட்டியைக் குடுத்து..."

"அப்பவே சொல்லியிருந்தா குட்டியோட போயிருக்கும். இப்ப?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த மூணு கோடையில நான் செதுக்காத நாள் கிடையாது. ஒரே வீட்டுக்கு ரெண்டு கல்லு செதுக்கினேன். அந்தத் தாய்மார் முன்னாடி போய் நின்னு, 'அம்மைக்குத் தர வேண்டியதை நான் தரலை, என் புள்ள மட்டும் உசுரோட ஓடியாடிக்கிட்டு இருக்கு'ன்னு சொல்லப் போறீங்களா? காய்ச்சல் யாராலே வந்துச்சுன்னு ஊரே தேடிக்கிட்டு இருக்கு, அண்ணி. நீங்களே போய்க் கையைத் தூக்காதீங்க."

"எங்கேயாவது போயிரலாம்னா துறைமுகத்துல சங்கிலி போட்டிருக்காங்க."

"மலைப்பக்கமும் காவல் இருக்கு."

ஷிபோலத் கல்தூளில் விரலால் முகம் வரைந்துகொண்டிருந்தாள். கண், மூக்கு. வாய் வரையவில்லை.

"அஸ்திவாரம் தோண்டறது நான்தான்," என்றான் போத்மில்க். "வெயிலுக்குப் பாய்த் தட்டி கட்டிக்கிட்டு வேலை செய்வேன். ஒருத்தரும் எட்டிப் பாக்க முடியாது. ஒரு குட்டியை எரிச்சுக் கலயத்துல போட்டு வச்சிடறேன். எரிஞ்ச எலும்பு பொடி. எது ஆடு, எது புள்ளன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"சொல்லாம வச்சா அது களவு, தம்பி."

"இத்தனை வருஷமா வெறும் மண்ணு இருந்துச்சே, அதுக்கு என்ன பேரு?"

அவளுக்கு வேறு வழி இல்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக் காளவாயில் ஆட்டுக்குட்டியை எரித்தார்கள். குளம்புகளை முன்பே அறுத்து எடுத்துவிட்டார்கள். அக்போரத் தன் கையாலேயே எலும்பைப் பொறுக்கினாள். குழந்தைகளின் கலயத்தில் கண் திருஷ்டிக்கு ஒரு பாசி மணி போடுவது வழக்கம். மணியில்லாத கலயத்தைக் கண்டால் சந்தேகம் வரும் என்று மகள் கழுத்திலிருந்த, கண் வரைந்த நீல மணியை அவிழ்த்து அதில் போட்டாள். ஷிபோலத் மணியைக் கேட்டபோது, கடலில் விழுந்துவிட்டது என்றாள். அந்தப் பொய் அவள் நாக்கில் உப்பாகக் கரித்தது.

அஸ்திவாரம் முடிந்து கலயம் எடுத்த அன்று ஊர் முழுக்கக் கலயக்காட்டில் கூடியிருந்தது. காய்ச்சலில் மெலிந்தவர்களைக்கூடக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்கள். இரு நடுவர்களும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கெர்சக்கூன் தலை மழித்த கிழவர், காலில் செருப்பில்லை. கலயத்தை மடியில் வைத்து மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். சிறிது நேரம் கை வெளியே வரவில்லை.

பிறகு நீல மணியை எடுத்துத் துணியின் மேல் வைத்தார். அதன் பக்கத்தில் சிறியதாக இன்னொன்றை வைத்தார்.

"இது பல்லு," என்றார்.

முன்வரிசை எட்டிப் பார்த்தது.

"பச்சைப் புள்ளைக்கு ஏதுப்பா இவ்வளவு நீளப் பல்லு? இது ஆடு." கலயத்தைச் சரித்துக் காட்டினார். "நாப்பது வருஷமா கலயம் எடுக்கறேன். பழைய கலயத்துக்குள்ள வேர் பூந்திருக்கும், மண்ணு கட்டியிருக்கும். இது நேத்து வச்ச மாதிரி உலர்ந்து கெடக்கு. 'உயிருக்கு உயிர்'னு என் வாயால சொல்லாம இந்தக் காட்டுக்குள்ள ஆடு வந்திருக்கு. யாரு வச்சது?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள். முந்திய வாரம்தான் அவள் தன் மகனை அங்கே புதைத்திருந்தாள்.

"போத்மில்க், இங்க வா," என்றார் பூசாரி. "கல்லு உன் உளி. குழி தோண்டினது நீ. யாருக்காகச் செதுக்கினே?"

போத்மில்க் வந்து நின்றான். தரையைப் பார்த்தான்.

"கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு, சாமி."

"அப்ப சொல்லு."

அவன் சொல்லவில்லை. நடுவர் போதஷ்தர்த் பொறுமை இழந்து, "நீயும் வாய் செதுக்காம விட்ட கல்லாய்யா?" என்றார். ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

கெர்சக்கூன் கோபப்படவில்லை. வழக்கத்தை எடுத்துச் சொல்பவரின் குரலில்தான் பேசினார். "சொந்தக்காரன் பேர் தெரியாத கல்லு செதுக்கினவன் வீட்டுக் கல்லு. இது இன்னிக்கு நேத்து ஏற்பட்டது இல்ல. நீ சொல்லலேன்னா இதுக்கு அடியில இருக்க வேண்டிய உசுரு உன் வீட்டு உசுரு. பொறந்ததும் கொண்டு வரணும்."

அரிஷத் முன்வரிசையில் நின்றிருந்தாள். அது வேடிக்கைப் பேச்சு என்று முதலில் நினைத்தாள் போலும். உதட்டோரம் புன்னகை வந்தது. பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் துணிமேல் கிடந்த நீல மணிக்குப் போனது. அந்த மணியைக் கோத்துக் கட்டியவள் அவள்தான். ஷிபோலத் நடக்கத் தொடங்கிய நாளில், பட்டறைக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மணியின் ஓரத்தில் இருந்த விள்ளலும் அவளுக்குத் தெரியும்.

அவள் திரும்பி அக்போரத்தைப் பார்த்தாள். களத்தில் ஒரு மூச்சுக்கூட வாயை மூடாதவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் பேசவில்லை. கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான்.

அரிஷத் கத்தியிருந்தால் அக்போரத் மறுத்திருப்பாள். மணி எல்லாக் கடையிலும் விற்கிறது என்று வாதாடியிருப்பாள். அதற்கான சொற்களை அவள் முந்திய நாளே கோத்து வைத்திருந்தாள். அக்போரத் கையைத் தூக்கினாள்.

"அந்தக் கல்லு என்னோடது," என்றாள்.

கூட்டம் விலகியது. அவள் முன்னே வந்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள்: நீலம் பாய்ந்த குழந்தை, அடைபடவிருந்த காடு, தள்ளிப் போட்ட கணவன், கடல். கடைசியாக, "அம்மை அவரை எடுத்துக்கிட்டா, சாமி. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சுன்னு நெனச்சேன்," என்றாள்.

"கடல் எடுத்தது கடலோட போச்சு," என்றார் கெர்சக்கூன். "கல்லு நட்டது அவனுக்கில்லையேம்மா."

"புள்ளையைக் கொண்டா," என்று யாரோ கத்தினார்கள். இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. மகனைப் புதைத்த பெண் கத்தவில்லை. அவள் அக்போரத்தின் அருகே வந்து, மிகவும் தாழ்ந்த குரலில், "என் பையன் ரெண்டு நாள் மூச்சுக்குத் தவிச்சான். உன் புள்ளைக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விட்டாள்.

நடுவர்கள் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி, சபை மண்டபத்துக்குள் போனார்கள். பொழுது சாயும்வரை பேசினார்கள். போதஷ்தர்த் குழந்தையை அம்மைக்குக் கொடுப்பதே முறை என்றார். சபையில் பாதிப்பேர் அவர் பக்கம். மகோன் அதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பல்லு முளைச்ச புள்ளையை அம்மை என்னிக்காவது கேட்டிருக்காளா?" பூசாரி, இல்லை என்றார். பல் முளைத்தது அம்மைக்கு ஆகாது. ஆனால் கல் நடப்பட்ட உயிர் தாய்க்கும் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஷிபோலத்தை எங்கே வைப்பது என்பதே மீதிப் பேச்சாக இருந்தது.

அக்போரத் மண்டபத்துக்கு வெளியே மகளுடன் உட்கார்ந்திருந்தாள். அரிஷத் அத்திப்பழம் கொண்டுவந்து குழந்தையின் கையில் வைத்துவிட்டுப் போனாள். கோயில் பணிப்பெண்கள் இருவர் குழந்தையை அழைத்துப்போக வந்தபோது ஷிபோலத் பழத்தை மென்றுகொண்டிருந்தாள்.

"அங்க மீனு குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"குடுப்பாங்க," என்றாள் அக்போரத். "முள்ளு பாத்துச் சாப்பிடு."

சபை முடிவு செய்தவை பின்வருமாறு. பூசாரி 'உயிருக்கு உயிர்' என்ற சொல்லை ஊரார் முன்னிலையில் சொல்லி, கலயத்திலுள்ள ஆட்டுக்குட்டியை அம்மையின் பெயரால் ஏற்பார். யத்தோன்பாலின் மகள் அன்று முதல் இறந்தவளாகக் கருதப்படுவாள். அவள் பெயரை அவளுக்கோ, ஊரில் இனிப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கோ வைத்து அழைக்கக் கூடாது. அவள் கோயில் மதிலுக்குள் பணிப்பெண்களோடு வாழ்ந்து, கலயக்காட்டுக் கற்களைக் கழுவுவாள், திருமணம் செய்துகொள்ளமாட்டாள், இறந்தபின் அவள் சாம்பல் அதே கல்லின் அடியில் வைக்கப்படும். அக்போரத் கலயக்காட்டுக்குள் நுழையக் கூடாது. அந்தப் பெண்ணோடு பேசக் கூடாது. பிள்ளை இழந்த மற்றத் தாய்மாரைப் போல, திருவிழாவின் முந்திய நாள் வாயிலில் எண்ணெய் வைத்துவிட்டுப் போகலாம். போத்மில்க் அம்மையின் பாதத்துக்குக் கீழே நடந்து செல்லும் ஆட்டுக்குட்டி ஒன்றைக் கூலியின்றிச் செதுக்க வேண்டும். இனி முகம் முடியாத கல் எதுவும் அவன் பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது. அவன் மனைவியின் வயிற்றிலுள்ள குழந்தைமேல் எந்த உரிமைக்கோரிக்கையும் இல்லை.

கல்லுக்கு வாய் செதுக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. ஊர்ப் பெண்கள் வேண்டாம் என்றார்கள். கல் அப்படியே விடப்பட்டது. மாடம் கட்டும் வேலை மறுநாள் காலையில் தொடங்கியது.